ஓய்வுநாளில் சுமந்து வந்த பானை

1676ஆம் ஆண்டு ஜனவரியில், ஒரு வியாழக்கிழமை மதியம், ஜேபஸ் ஹோல்கம் சண்டை முடிந்து ஆல்டர்ஃபோர்டுக்குத் திரும்பி வந்தபோது, அவனுடைய பூட்ஸ் தடங்களுக்குப் பின்னால் பனியில் ஒரு சின்னக் குழந்தையின் வெறுங்கால் தடங்களும் ஊருக்குள் வந்தன. குழந்தை வரவில்லை, தடங்கள் மட்டும்தான் வந்தன. அவன் ஓர் அடி வைத்தால் அவை மூன்று அடி வைத்தன. பாலத்தில் அவன் மூச்சு வாங்க நின்றபோது அவையும் நின்றன. நின்ற இடத்தில் ஒரு பாதத்தை இன்னொன்றின் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டதுபோல் பனி குழைந்திருந்தது. பாலத்தருகே விறகு வண்டியோடு நின்றிருந்த ஏழு பேர் இதைப் பார்த்தார்கள். ஏழு பேரும் சபை உறுப்பினர்கள், எங்கள் சட்டப்படி பொய் சொன்னால் தண்டம் கட்ட வேண்டியவர்கள். ஆகவே இதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அன்று வடக்குக் காற்று அடித்தது, மக்காச்சோளம் மரக்கால் மூன்று ஷில்லிங் விற்றது.

ஜேபஸ் பீப்பாய் செய்கிறவரின் மூன்றாவது மகன். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது, ஹெப்சிபாவைக் கட்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊர்ப்படைக்குப் பத்துப் பேர் வேண்டும் என்று நவம்பரில் பாஸ்டனிலிருந்து உத்தரவு வந்தபோது பட்டியலில் அவன் பெயர் பதினொன்றாவதாக இருந்தது. முதல் பெயர் சபைக் காரியங்களைப் பார்க்கிற டீக்கன் ஒபதியா க்ரேனின் மகனுடையது. படை கிளம்பும் நாளன்று அந்த மகனுக்குக் காய்ச்சல் வந்தது. படை கிளம்பிப் போன மறுநாள் காய்ச்சல் விட்டுவிட்டது. இதைவிட இடம் பொருள் தெரிந்து நடந்துகொண்ட காய்ச்சலை எங்கள் ஊர் கண்டதில்லை. ஜேபஸ் மொத்தம் ஆறு வாரம் படையில் இருந்தான். நான்கு முறை சுட்டான், அதில் மூன்று முறை மரத்தைச் சுட்டான். தெற்கே சதுப்பு நிலத்துக்கு நடுவில் செவ்விந்தியரின் கோட்டை ஒன்று இருந்தது. அதற்குள் மரப்பட்டை வேய்ந்த வீடுகள், வீடுகளுக்குள் குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்த சோளம், சோளத்தைச் சுற்றிப் பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும். ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை நம் படை அதற்குத் தீ வைத்தது. கர்த்தர் அவர்களை நம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்று கேப்டன் ஸ்டர்டி கடிதம் எழுதினார், ஊரில் அதற்கு நன்றி ஆராதனை நடந்தது. போன பத்துப் பேரில் ஆறு பேர் திரும்பினார்கள். ஜேபஸின் இடது காலில் இரண்டு விரல்களைக் குளிர் தின்றிருந்தது. மற்றவர்கள் தோலும் கம்பளமும் கொண்டுவந்தார்கள், அவன் ஒரு பித்தளைப் பானையைக் கயிற்றில் கட்டி முதுகில் மாட்டிக்கொண்டு வந்தான்.

எங்கள் ஊரில் எது நடந்தாலும் அதைப் பார்க்க மூன்று பேரை நியமிப்பது வழக்கம். வேலி சாய்ந்தாலும் மூன்று பேர், பன்றி தோட்டத்தில் புகுந்தாலும் மூன்று பேர். தடங்களுக்கும் மூன்று பேர் நியமிக்கப்பட்டார்கள். அதில் ஒருவர் செருப்புத் தைக்கிற ஈனோக் ட்ரிக். அவர் மண்டியிட்டு அளவுகோலை வைத்துப் பார்த்து, "நாலு வயசு. பொட்டப்புள்ள. இந்தக் கால் செருப்பே பாத்ததில்ல" என்றார். பிறகு ஒவ்வொரு ஜனவரியிலும் அவர் வந்து அளந்தார். ஒரு பார்லி மணி அளவுகூடத் தடம் வளரவில்லை.

ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. ஜேபஸ் புல் அறுக்கப் போனால் பனித்துளியில் அந்தத் தடம் கூடவே போனது, ஊர்ப்படைப் பயிற்சி நாளில் மைதானத்துப் புழுதியில் அணிவகுப்புக்குப் பின்னால் போனது. சாப்பாட்டை அவன் எப்போதும் அந்தப் பித்தளைப் பானையில்தான் எடுத்துப் போவான். மதியம் அவன் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிற நாட்களில் தடம் அவனோடு போகாமல் வீட்டிலேயே அடுப்பங்கரைச் சாம்பலில் சுற்றிக்கொண்டிருக்கும்; அன்றைக்கு அதற்கு ஹெப்சிபாவோடு இருக்கப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக் கூடத்துக்கு மட்டும் அது வந்ததே இல்லை. அஞ்ஞானிக் குழந்தையால் கர்த்தருடைய வாசற்படியைத் தாண்ட முடியாது என்று போதகர் ஃபெல்ட் விளக்கம் சொன்னார். நல்ல விளக்கம்தான். மூன்று வருடம் தாங்கியது.

ஹெப்சிபா முதலில் சாம்பலைப் பெருக்கித் தள்ளினாள். இரண்டாவது குளிர்காலத்தில் பெருக்குவதை நிறுத்திவிட்டு, ஆட்டு ரோமத்தில் ஒரு ஜோடி காலுறை பின்னி அடுப்போரம் வைத்தாள். காலையில் பார்த்தால் காலுறை வைத்த இடத்திலேயே இருந்தது, அதைச் சுற்றிக்கொண்டு வெறுங்கால்தான் போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "அதுக்குப் போய்ப் பின்னுறியே ஹெப்சி, ஒனக்கு ரோமம் என்ன கொட்டியா கெடக்கு" என்று கேட்டாள். "அடுப்ப விட்டு எட்டிப் போனா தரையெல்லாம் ஐஸ் அக்கா. பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா" என்றாள் ஹெப்சிபா. காலுறை அங்கேயே கிடந்து அந்துப்பூச்சி தின்றது.

ஜேபஸுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என்ன நடந்தது என்பதைச் சபைக்கு முன்னால் நின்று சொல்லிவிட வேண்டும், அது பாவம் என்று சபை தன் வாயால் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் உறுப்பினராக வேண்டுமென்றால் எல்லோர் முன்னிலையிலும் தன் பாவத்தை அறிக்கையிட வேண்டும். உறுப்பினர் இல்லாதவரின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது; ஜேபஸும் ஹெப்சிபாவும் இன்னும் உறுப்பினராகவில்லை. 1677 மார்ச்சில் ஹெப்சிபாவுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது, எஸ்ரா என்று பெயர் வைத்தார்கள். பிறந்ததிலிருந்தே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அது பிறந்த மூன்றாவது நாள் ஜேபஸ் போய் அறிக்கைக்குப் பெயர் கொடுத்தான். வந்த ஞாயிற்றுக்கிழமையே கூடத்தின் நடுவில் எழுந்து நின்றான்.

"கோட்டையில ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சேன். யாரும் இல்ல. அடுப்புல பானை இருந்துச்சு, எடுத்து முதுகுல கட்டிக்கிட்டேன். திரும்பி நடக்கிறப்போ பின்னாடி யாரோ என் மேல்சட்டையப் புடிச்சு இழுக்கிற மாதிரி இருந்துச்சு. ஓரக்கண்ணால பாத்தேன். ஒரு புள்ள. கால்ல ஒண்ணும் இல்ல. அழவும் இல்ல. யாரும் நிக்கக் கூடாதுன்னு கேப்டன் சொல்லியிருந்தாரு. நான் நிக்கல. ஒரு மைல் இருக்கும், இழுக்கிறது நின்னுபோச்சு. அப்பவும் நான் திரும்பிப் பாக்கல."

போதகர் ஃபெல்ட் கனிவாகவே கேட்டார்: "நிக்கக் கூடாதுங்கிறது உத்தரவு. நீங்க கீழ்ப்படிஞ்சிருக்கீங்க. இதுல உங்க பாவம் எங்க இருக்கு, சகோதரரே?"

"நான் திரும்பலைங்க ஐயா."

"அதத்தான் கீழ்ப்படிதல்னு சொல்றேன்."

அப்போது டீக்கன் க்ரேன் முன்பெஞ்சிலிருந்து மெல்ல எழுந்தார். சட்டம் அறிந்தவர், மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்காரர். "அந்தப் பானைய நீங்க தூக்கிட்டு வந்தது என்ன கிழமை?"

"ஞாயித்துக்கிழமைங்க."

பெஞ்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் முனகின. டீக்கன் சபையைப் பார்த்துத் திரும்பினார். "சண்டை அவசர வேலை, ஓய்வுநாள்ல செய்யலாம், தப்பில்ல. நடந்து திரும்பினதும் அவசரம். பானைக்கு என்ன அவசரம்? ஓய்வுநாள்ல எட்டு ராத்தல் பித்தளையத் தூக்கிட்டுப் படை முகாம் வரைக்கும் பதினெட்டு மைல் நடந்திருக்காரு. அதச் சொல்லி வருத்தப்பட்டாருன்னா அது அறிக்கை. மத்ததெல்லாம் சண்டைக் கதை." கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது. சரியான பாவத்தோடு அடுத்த மாதம் வரும்படி ஜேபஸை அனுப்பிவைத்தார்கள்.

அன்று வீட்டில் ஹெப்சிபா அவன் காலில் விழாத குறைதான். "பானைன்னே சொல்லிட்டு வந்துடுங்களேன். அவங்களுக்கு வேண்டியது அது. நமக்கு வேண்டியது புள்ள தலைக்கு ரெண்டு சொட்டுத் தண்ணி." அவன் தொட்டிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "பானையத் தூக்கினேன், நெசந்தான். ஆனா நான் செஞ்சது அது இல்ல ஹெப்சி. இதச் சொல்லி மன்னிப்பு வாங்கிட்டா, அதுக்கு எங்க போய் வாங்குவேன்?" அடுத்த மாதம் வரை எஸ்ரா காத்திருக்கவில்லை, பத்தொன்பதாம் நாள் போய்விட்டான். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை எங்கே போயிருக்கும் என்று ஹெப்சிபா கேட்டதற்கு, அது கர்த்தருடைய விருப்பம் என்று போதகர் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். அதன்பிறகு இரண்டு வருடம் அவள் புருஷனுக்குச் சோறு வைத்தாள், துணி துவைத்தாள், அவன் கேட்டதற்குப் பதில் சொன்னாள். தானாக ஒரு வார்த்தை பேசவில்லை.

1679இல் பெண் குழந்தை பிறந்தது. ரிமெம்பர் என்று ஹெப்சிபாவே பெயர் வைத்தாள். நினைவில் வை என்று அர்த்தம். பெயரை யாரைப் பார்த்துச் சொன்னாள் என்பது ஜேபஸுக்குப் புரிந்தது. அவன் கூடத்தில் எழுந்து நின்று, ஓய்வுநாளில் ஒரு பானையைச் சுமந்தேன், அதற்காக வருந்துகிறேன் என்று சொன்னான். ஆமென் என்றார்கள். பல பேர் அழுதார்கள். ரொம்ப உருக்கமான அறிக்கை என்று நெடுநாள் பேசிக்கொண்டார்கள். பாவத்தில் வந்த பொருள் வீட்டில் இருக்கக்கூடாது, அது சபைக்குச் சேர வேண்டும் என்று டீக்கன் சொல்லி, அதற்கும் கை தூக்கினார்கள். கூடத்தில் ஞானஸ்நானத்துக்கு ஒரு விரிசல் விட்ட மண்சட்டிதான் இருந்தது. பித்தளை அதைவிடப் பார்வையாக இருக்கும் என்று பலருக்கும் தோன்றியது.

திங்கட்கிழமை டீக்கன் தாமே வந்து பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். முந்தின நாள் மழை, தெரு சேறாக இருந்தது. ஜேபஸ் வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடுப்பங்கரையிலிருந்து அந்தச் சின்னத் தடங்கள் வெளியே வந்தன, அவனைத் தாண்டின, படலைத் தாண்டின, டீக்கனுக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாகச் சேற்றில் போயின. டீக்கன் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு நடையை எட்டிப் போட்டார். மூன்று வருடமாக அது தன்னைத் தேடி வந்தது என்று ஜேபஸ் நினைத்திருந்தான். அது வந்தது தன் வீட்டுப் பானையைத் தேடி. அன்றைக்குப் பனியில் பின்னாலிருந்து இழுத்ததும் மேல்சட்டையை அல்ல. ஈனோக் ட்ரிக் அப்போது அங்கே நின்றிருந்தார். ஜேபஸ் வேலியோரம் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டதாக அவர் சொல்லியிருக்கிறார்.

தடங்கள் தயங்காமல் கூடத்து வாசற்படியைத் தாண்டி உள்ளே போய், பிரசங்க மேடைக்குக் கீழே, பானை வைத்த மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டன. எங்கள் கூடத்துத் தரையில் மணல் விரிப்பது வழக்கம், ஆகவே நன்றாகத் தெரிந்தது. போதகரின் பழைய விளக்கத்தை அதற்குப்பிறகு யாரும் எடுக்கவில்லை. ரிமெம்பருக்கு அந்தப் பானைத் தண்ணீரில் ஞானஸ்நானம் ஆனது. பிறகு ஊரில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அதிலேதான் ஆனது. தண்ணீர் தலையில் விழும் நேரத்தில் மணலில் அந்தக் குதிகால்கள் கொஞ்சம் எழும்பும், எட்டிப் பார்ப்பதுபோல.

இருபத்து நான்கு வருடம் இப்படிப் போயிற்று. பயிற்சி நாட்களில் கேப்டன் ஸ்டர்டி ஜேபஸை முன்னால் நிறுத்தி, சண்டையில் நடந்ததைப் புதிய ஆட்களுக்குச் சொல்லச் சொல்வார். "நான் திரும்பிப் பாக்கல" என்பான் அவன். கேப்டன் அவன் தோளில் தட்டி, "கேட்டுக்கங்கடா. உத்தரவுன்னா இதுதான் உத்தரவு. திரும்பியே பாக்காத மனுசன்" என்பார். எல்லோரும் தொப்பியைத் தூக்கி ஆரவாரம் செய்வார்கள். அவனைச் சார்ஜெண்ட் ஆக்கினார்கள். பானையைச் சதுப்பு நிலத்துக்கே கொண்டுபோய் வைத்துவிட்டு வர அனுமதி வேண்டும் என்று அவன் ஊர்க்கூட்டத்தில் ஏழு முறை கேட்டான். ஏழு முறையும் கை தூக்கி மறுத்தார்கள். சபைச் சொத்து அல்லவா. ஏழாவது முறை டீக்கன், "பானை மேல இன்னும் ஆச போகலையா சார்ஜெண்டுக்கு" என்று கேட்க, கூட்டம் சிரித்தது. ஹெப்சிபா அதற்கு முந்தின வருடமே இறந்துபோயிருந்தாள். கடைசி வாரத்தில் அவன் கையைப் பிடித்து, "நீங்க மொதல்லயே அந்தப் பானையச் சொல்லியிருக்கலாம், நானும் ஒங்கள அதச் சொல்ல வச்சிருக்கக் கூடாது. ரெண்டும் நெசம்" என்றாளாம்.

ரிமெம்பர் டீக்கனின் பேரனைக் கட்டினாள். அந்தக் காய்ச்சல்கார மகனின் மகனைத்தான். 1703 டிசம்பரில் அவளுக்குக் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானம் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானதும் ஜேபஸ் மகள் வீட்டுக்குப் போனான். "ஒன் புள்ளைக்கு மண்சட்டியில தண்ணி வைக்கச் சொல்லும்மா" என்றான். அவள் பாலூட்டிக்கொண்டிருந்தாள். "எனக்கு அந்தப் பானையில தானேப்பா வச்சாங்க?" "ஒனக்காகத்தான் நான் அந்தப் பானை வீட்டுப் புள்ளையப் பத்திச் சொல்லாம விட்டேன்." ரிமெம்பர் பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு, "நானா கேட்டேன்? எனக்காக விட்டீங்கன்னு இனிமே சொல்லாதீங்கப்பா. அத நான் சொமக்க முடியாது. ஒங்களுக்கு எது சரியோ அதச் செய்யுங்க" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பானைத் தண்ணீரில் மேலே ஐஸ் கட்டியிருந்தது, அதை உடைத்துவிட்டு ஆராதனை தொடங்கியது. குழந்தையைக் கொண்டுவரச் சொன்னபோது ஜேபஸ் எழுந்தான். குனிந்து பூட்ஸைக் கழற்றினான், காலுறையைக் கழற்றினான், வெறுங்காலோடு மேஜைக்குப் போய்ப் பானைத் தண்ணீரைத் தரையில் கொட்டினான். சட்டைக்குள்ளிருந்து கயிறு எடுத்து அதை முதுகில் கட்டிக்கொண்டான். "இது அவ வீட்டுப் பானை" என்றான். எண்பது வயது டீக்கன் க்ரேன் தடியை ஊன்றி எழுந்தார்.

"சகோதரரே, இன்னைக்கு ஓய்வுநாள்."

"தெரியுங்க. அன்னைக்கும் ஓய்வுநாள்தான்."

அவன் போனான், பின்னால் மணலில் அந்தத் தடங்களும் போயின. வாசல் கதவு கனமானது, குளிர்காலத்தில் இறுகிக்கொள்ளும். குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு ரிமெம்பர்தான் அதைத் திறந்துவிட்டாள்.

அவனைப் பிடிக்கப் போகலாமா என்று கூடத்திலேயே விவாதம் நடந்தது. வெளியே முழங்கால் பனி. ஐம்பது வயது ஆள் வெறுங்காலில் போகிறான். ஓய்வுநாளில் ஒருவரைத் துரத்திக்கொண்டு போவது அவசர வேலையில் சேருமா சேராதா என்று போதகர் வேதத்தை இரு பக்கமும் எடுத்துச் சொன்னார். கை தூக்கினார்கள். சேராது என்று முடிவானது. ரிமெம்பர் மட்டும் குழந்தையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு ஓடப் போனாள், அவள் புருஷன் பிடித்து உட்காரவைத்தான். பிறகு மதியப் பிரசங்கமும் நடந்தது.

திங்கள் விடிந்ததும் மூன்று பேரை நியமித்து அனுப்பினார்கள். தடங்கள் அப்படியே இருந்தன. இருபது அடிக்கு ஒருமுறை அவன் நின்று முழுதாகத் திரும்பியிருந்தான். பெரிய பாதங்களின் விரல்கள் சின்னப் பாதங்களைப் பார்த்திருந்தன. மாவு மில்லைத் தாண்டியதும் ஓரிடத்தில் மண்டியிட்ட குழி தெரிந்தது. அதற்குப்பின் சின்னத் தடங்களே இல்லை. இடது காலில் மூன்று விரல் உள்ள அவன் தடம் மட்டும், முன்னைவிட ஆழமாகப் பதிந்து தெற்கே போயிருந்தது. பதினோராவது மைலில், ஒரு பைன் மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்து இறந்திருந்தான். பானை பக்கத்தில் இருந்தது. மேல்சட்டையைக் கழற்றி மார்போடு சேர்த்து எதையோ சுற்றிப் பிடித்திருந்தான். பிரித்துப் பார்த்தார்கள், உள்ளே ஒன்றும் இல்லை. சதுப்பு நிலத்துக்கு இன்னும் ஏழு மைல் இருந்தது.

அவனை எஸ்ராவுக்கும் ஹெப்சிபாவுக்கும் பக்கத்தில் புதைத்தார்கள். ஓய்வுநாளில் சுமை தூக்கியது, இரண்டாம் முறை, என்று சபை அவன் பெயரில் பதிந்தது. பானை சபைச் சொத்து என்பதால் கூடத்துக்கே திரும்பி வந்தது. ரிமெம்பர் தன் பிள்ளையை அதன் பக்கம் கொண்டுபோகவே இல்லை, தானும் அதற்குப்பிறகு கூடத்துக்குள் வரவில்லை. வருடா வருடம் வராததற்குத் தண்டம் கட்டினாள். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் அதில்தான் ஞானஸ்நானம், எனக்கும் அதில்தான் ஆனது. கூடம் பெருக்குவது இப்போது என் வேலை. சனிக்கிழமை மதியம் பழைய மணலை வாரிவிட்டுப் புதியது விரிப்பேன். ஞாயிறு காலையில் மேஜைக்கு முன்னால் ஒரே ஒரு ஜோடித் தடம் இருக்கும், இடது காலில் மூன்று விரல். ஈனோக் ட்ரிக் சாவதற்குமுன் வந்து ஆழத்தை அளந்துவிட்டு, ஒரு ஆள் கனம் இல்லை இது, இடுப்பில் நாலு வயதுப் பிள்ளை இருக்கிறது என்றார். அந்த இடத்தில் மட்டும் மணல் கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டியிருக்கிறது.